மறுநாளே வீட்டுக்குப் போகலாம்

ஜூன் 16, திங்கள்

வலி: ஏழு.

பிசியோதெரபி செய்யும் சங்கரநயினார் தம்பி சொல்லித்தான் இந்த நோட்டைத் தொடங்குகிறேன். தினமும் வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாது. ஒரு வரி போதும் என்றார். எனக்கு ஒரு வரியில் நிறுத்த வராது. கல்லூரி நூலகத்தில் இருபது வருஷமாகப் பிறர் எழுதியதை அடுக்கியவள் நான். வெள்ளைத் தாளைக் கண்டால் ஆசை வந்துவிடுகிறது.

மே மாதக் கடைசியில் நூலகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினோம். பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றைக் குனிந்து தூக்கும்போது இடுப்பில் ஏதோ வழுக்கியது. சத்தம்கூட இல்லை. மறுநாள் காலையில் வலது தொடையின் பின்புறத்திலிருந்து பாதம்வரை சூடான கம்பியைச் செருகியதுபோல் வலித்தது. முதுகெலும்பின் கீழ்ப்பக்கம், இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேனில் வந்தது.

நல்லவேளை, அவர் வீட்டில் இருந்த நேரம். என் கணவர் கஸ்பார் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். எட்டு மாதம் கடல், மூன்று மாதம் தூத்துக்குடி. ஜூலை இருபதாம் தேதி திரும்பப் போக வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

வலி: காலை எட்டு, மாலை ஏழு.

நரம்பு வலிக்கென்று கொடுத்த மாத்திரை ஒரு மாதிரியானது. வலியை எடுத்துவிடுவதில்லை. அடுத்த அறையில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. அது அங்கே இருமுவது எனக்குக் கேட்கிறது. நான் இங்கே பாயில் மல்லாந்து, முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்துக்கொண்டு மிதக்கிறேன்.

மதியம் மூன்று மணிக்கு ஜன்னல் வெளிச்சம் மொசைக் தரையில் பரவியது. தரை தண்ணீராகிப் பாய் மெல்ல ஆடியது. பிறகு நூலகம் வந்தது. அலமாரிகளுக்கு இடையே முழங்காலளவு கடல், ஆனால் ஒரு புத்தகமும் நனையவில்லை. அடுத்த வரிசையில் அவர் நின்று ஏதோ தேடிக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். திரும்பிச் சிரித்தார்.

விழித்தபோது அவர் பக்கத்தில் சம்மணமிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், மதியத் தூக்கம் கலைந்ததும் அவரைப் பார்த்த நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். பத்தைத் தாண்டவில்லை.

ஜூன் 23, திங்கள்

வலி: ஏழு.

குளியலறைச் சுவரில் நான் பிடித்து எழுந்திருக்கக் கஸ்பார் ஒரு கயிறு கட்டியிருக்கிறார். விரல் பற்றும் இடத்திலெல்லாம் அழகான முடிச்சு. நான் எழுதும் மதிப்பெண்ணைத் தனித் தாளில் நாளுக்கு ஒரு கட்டமாக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொன்னார். அதைப் பார்த்து அன்றைய வேலையை முடிவு செய்வாராம். எண் பெரிதாக இருந்தால் நான் சமையலறைப் பக்கமே போகக் கூடாது.

ஜூன் 27, வெள்ளி

வலி: எட்டு, காரில் போனதால்.

திருநெல்வேலியில் முதுகெலும்பு டாக்டர் வான்மதியைப் பார்த்தோம். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தேழு நாற்பத்தெட்டு. ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நடக்கச் சொன்னார், கட்டைவிரலைத் தூக்கச் சொல்லித் தன் விரலால் அழுத்திப் பார்த்தார். காலில் பலம் குறையவில்லை என்றார்.

இப்படி ஜவ்வு பிதுங்கிய பலருக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களில் சரியாகிவிடுமாம். மாத்திரை, பிசியோதெரபி, அதற்கும் கேட்காவிட்டால் நரம்புக்குப் பக்கத்தில் ஒரு ஊசி. அதற்கும் அடங்காவிட்டால்தான் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் பாதம் சோர்ந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் இருந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது, உடனே வர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

கஸ்பார் அதைத் தன் செல்போனில் குறித்துக்கொண்டார்.

ஜூலை 5, சனி

வலி: ஏழு. அவர் எனக்குத் தலைசீவிப் பின்னிவிட்டார். கப்பல் கயிறு இழுக்கும் கை. நெற்றித்தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கம். நான் அவிழ்க்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வலி: ஆறு.

கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகள் ரீனி பேசினாள். அப்பாவா தினமும் சமைக்கிறார் என்று நம்பாமல் கேட்டாள். புளி கரைப்பது முதல் அரிவாள்மணையைக் கழுவி மாட்டுவதுவரை அவர்தான் என்றேன். மதியம் நான் படுத்திருக்க, பக்கத்தில் நாற்காலி போட்டுத் துறைமுகக் கதைகள் சொல்கிறார். மழையே பெய்யாத ஒரு ஊரில் கப்பல் நின்றபோது, கரையில் ஒருவன் குடையை ரிப்பேர் செய்துகொண்டிருந்தானாம். பாதி கேட்கும்போதே எனக்குக் கண் செருகிவிடும். மீதிக் கதையைக் கனவில் நானே முடிப்பேன். இதையெல்லாம் ரீனியிடம் சொன்னேன்.

"வலி வலிங்குற, ஆனா ஒங் குரல் நல்லா இருக்கேம்மா" என்றாள்.

மாத்திரை அப்படி என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

வலி: ஆறு.

மறுபடியும் டாக்டர் வான்மதி. ஆறு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, போன வாரம் போட்ட ஊசியும் இரண்டு நாள்தான் கேட்டது. காலில் பலம் இன்னும் இருக்கிறது, அதனால் அவசரமில்லை. ஆனால் இனி ஆபரேஷன் ஒரு நல்ல வழி என்றார். முதுகில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு வெட்டு. தசையை அறுக்காமல் விலக்கி, ஒரு மெல்லிய குழாயை உள்ளே இறக்கி, அதன் வழியே பார்த்துக்கொண்டே நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுத்துவிடுவார்கள். அன்று சாயந்தரமே நடக்க வைப்பார்கள். என் வேலைக்கு நாலைந்து வாரத்தில் திரும்பலாம். கால் வலிக்கு இது நன்றாகக் கேட்கும், முதுகு வலி முழுக்கப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது, நூறில் சிலருக்குத் திரும்பவும் பிதுங்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். எல்லோருக்கும் இந்தச் சின்ன வெட்டு பொருந்தாது, எனக்குப் பொருந்தும்.

"மறுநாளே வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

நல்ல செய்திதான். நூலகத்தில் கூட வேலை செய்யும் ஒருத்தியின் சித்தப்பா முதுகில் ஆபரேஷன் செய்து படுத்த படுக்கையானதைச் சொன்னேன். அது எப்போது, என்ன காரணத்துக்கு என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டேன்.

"பழைய முறையில, பெரிசா வெட்டிச் செஞ்சா எத்தன மாசம் படுத்திருக்கணும் டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடினார். "அதுல ரெஸ்ட் கொஞ்சம் அதிகம் வேணும். உங்களுக்கு அது தேவையில்லையேம்மா. ஏன் கேக்கறீங்க?"

சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றேன். திரும்பும்போது காரில் கஸ்பார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வல்லநாட்டு மலை வந்து போயிற்று. முடிவு சொல்லப் பத்து நாள் கேட்டிருக்கிறேன். எனக்கு ஆபரேஷன் என்றால் பயம், அவ்வளவுதான்.

ஜூலை 20, ஞாயிறு

வலி: ஐந்து. ஃபிரிட்ஜில் எட்டு என்று எழுதினேன். காலையில் கொஞ்ச நேரம் எட்டு மாதிரிதான் இருந்தது.

இன்று அவர் போக வேண்டிய நாள். மனைவிக்கு உடம்பு தேறும்வரை வர முடியாது என்று கம்பெனிக்கு எழுதிவிட்டார். பூசைக்குப் போய்விட்டு வந்து, ரேடியோவைத் திருகிக்கொண்டு, மொட்டைமாடியில் துணி காயப்போட்டார். ஒவ்வொரு சட்டையையும் உதறும் சத்தம் மேலிருந்து வந்தது. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 26, சனி

வலி: நான்கு. ஃபிரிட்ஜில் ஏழு.

மாதா கோவிலில் கொடியேற்றம். வெடிச்சத்தத்தில் புறாக்கள் எழும்பி ஜன்னலைக் கடந்தன. மாத்திரை மயக்கத்தில் ஒரே புறாவே திரும்பத் திரும்பக் கடப்பதுபோல் இருந்தது.

வலி குறைந்துகொண்டுதான் வருகிறது. கால் மட்டும் பஞ்சு மாதிரி. நடக்கும்போது வலது பாதம் தரையில் 'பட்' என்று விழுகிறது. செருப்பு தேய்ந்திருக்கலாம்.

டாக்டருக்குச் சொல்வதாகச் சொன்ன பத்து நாள் திங்களோடு முடிகிறது. திருவிழா முடியட்டும் என்று கஸ்பாரிடம் சொன்னேன். சரி என்றார். உடனே சரி என்றார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வலி: மூன்று. ஃபிரிட்ஜில் ஏழு.

மதியக் கனவில் நான் கடலுக்கடியில் நடந்தேன். அங்கே பாதத்துக்குக் கனமே இல்லை, யாரும் நேராக நடக்கவும் இல்லை. அவர் ஒரு கண்ணாடிக்கு அப்பாலிருந்து வாயசைத்தார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

விழித்து எழுந்து வாசல்வரை போனேன். வந்து பாயில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், வலது கால் செருப்பு வழியிலேயே கிடந்தது. கழன்றது தெரியவில்லை. அவர் வருவதற்குள் எடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வலி: மூன்று.

திருவிழாக் கடைசி நாள். தெருமுனையில் நின்று மாதாவைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். கூட்டம், மெழுகுவர்த்தி வாசனை, சாயந்தர வெளிச்சத்தில் சப்பரம் அசைந்து வந்தது. அது நகர்கிறதா, தெரு நகர்கிறதா என்று சொல்ல முடியாதபடி இருந்தது. திரும்பி நடந்தபோது அவர் என் கையை விட்டுவிட்டுக் குனிந்தார். என் செருப்பு நாலடி பின்னால் கிடந்தது. எடுத்து வந்து, தெருவிலேயே மண்டியிட்டு என் காலில் மாட்டி, வாரை இறுக்கினார்.

பிறகு என் கையை மறுபடி பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடத்திப் போனார்.

ஆகஸ்ட் 6, புதன்

சங்கரநயினார் தம்பி ஒரு வாரத் திருவிழா லீவுக்குப் பிறகு வந்தார். பயிற்சி தொடங்குவதற்கு முன் கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். அதாவது, தூக்கினேன் என்று நினைத்தேன். விரல் அப்படியே இருந்தது. பாதத்தைத் தூக்கச் சொன்னார். அது பாதி தூரம் வந்து நடுங்கி விழுந்தது.

தம்பி எழுந்து போய் ஃபிரிட்ஜில் இருந்த தாளைப் பார்த்தார். வரிசையாக ஏழு.

"எத்தன நாளா இப்படி இருக்குக்கா?"

பத்து நாள் இருக்கும் என்றேன்.

"வலி கொறஞ்சிருக்குமே. கொறஞ்சிதா?"

கஸ்பார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆமாம் என்றேன். நரம்பு சோர்ந்துபோனாலும் வலி குறைந்ததுபோல் தெரியும், அது குணமில்லை என்று தம்பி சொன்னார். கோபப்படவில்லை. அங்கேயே நின்று டாக்டர் வான்மதிக்குப் போன் போட்டார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். பிதுங்கல் பெரிதாகியிருக்கிறது. நாளைக் காலை ஆபரேஷன். அதே சின்ன வெட்டுதான், ஆனால் இனிமேல் தள்ளிப்போடும் பேச்சே இல்லை. கால் பலம் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வலி போவது வேறு, பலம் வருவது வேறு. எத்தனை நாள் நரம்பு நசுங்கிக் கிடந்தது என்பதைப் பொறுத்ததாம். ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டுவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து, பதிலுக்குக் காத்திருக்காமல் தாதியிடம் திரும்பினார்.

மதியம் அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, என் வலது பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வெளியே வேப்பமரம் அசைந்துகொண்டிருந்தது. பாதத்தைத் தடவியபடியே சொன்னார்.

"நான் திருவிழாக் கொடியேத்துன அன்னைக்கே பாத்துட்டேன் ஜெசிந்தா. நீ மாடிப்படியில காலத் தூக்கி வைக்க முடியாம இடுப்பத் திருப்பி வச்ச. டாக்டரம்மா சொன்னதப் போன்ல எழுதி வச்சிருக்கேன், பாதம் சோந்தா ஒரு நாளும் நிக்கக் கூடாதுன்னு. எடுத்துப் பாத்தேன். பாத்துட்டு மூடி வச்சிட்டேன்."

ஏன் என்று கேட்டேன்.

"ஆபரேசன் முடிஞ்சா நீ எந்திரிச்சிருவ. நீ எந்திரிச்சிட்டா நான் போவணும்லா."

பாதத்தைக் கீழே வைக்காமல் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அவர் அம்மாவை அடக்கிய அன்று ஒருமுறைதான். என் பங்கையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் தாளை, டாக்டரிடம் கேட்ட கேள்வியை. வாய்வரை வந்தது. அப்போது மயக்க மருந்து டாக்டர் வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

வலி: பூஜ்யம். வெட்டிய இடத்தில் மட்டும் காந்தல்.

நேற்று மயக்கம் கொடுத்ததும் அறை நீலமானது. கனவென்று ஒன்றும் இல்லை. பெரிய வெளிச்சமான வெறுமை. அதிலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லி இழுத்தார்கள். சாயந்தரம் தாதி எழுப்பி நிறுத்தினாள். இரண்டு மாதமாகத் தொடையிலிருந்து பாதம்வரை கிடந்த கம்பி இல்லை. இல்லாததையே தேடிக்கொண்டு வராந்தாவில் பத்தடி நடந்தேன். பாதம் இன்னும் தொங்குகிறது. காலணிக்குள் வைக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருக்கிறார்கள், நடக்கும்போது அது பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும்.

மறுநாளே வீடு. சொன்னபடியே.

ஆகஸ்ட் 22, வெள்ளி

குனியக் கூடாது, தூக்கக் கூடாது, அரைமணிக்கு மேல் உட்காரக் கூடாது. காலையும் மாலையும் வாசலிலிருந்து தெருமுனைவரை நடக்கிறேன். அவர் அரையடி பின்னால் வருகிறார். மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மதியங்கள் தெளிவாகிவிட்டன. தரை தரையாகவே இருக்கிறது.

இன்று பாதத்தைக் கொஞ்சம் தூக்க முடிந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஐந்தாவது வாரப் பரிசோதனை. குதிகாலால் நடந்தேன். பாதம் முக்கால்வாசி திரும்பிவிட்டது, பட்டை இனி வேண்டாம். திங்கள் முதல் வேலைக்குப் போகலாம், கட்டுத் தூக்காமல். கட்டைவிரல் மட்டும் சரியாக எழும்பவில்லை. இன்னும் சில மாதம் பார்க்கலாம், வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர் வான்மதி. முன்பே வந்திருந்தால் என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். கஸ்பார் தரையைப் பார்த்தார். அந்தக் குற்றத்தை அவர் ஒருவரே சுமப்பது எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது கம்பெனியிலிருந்து போன். இருபத்துநான்காம் தேதி கிளம்பிக் கொழும்பில் கப்பல் ஏற வேண்டும். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லாமல், சரி என்றார்.

செப்டம்பர் 17, புதன்

பெட்டி கட்டிலில் திறந்து கிடந்தது. அவர் சட்டைகளைச் சுருட்டிச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். சாயந்தர வெயில் பெட்டிக்குள் விழுந்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பெட்டிக்கு எதிரில் நின்று நான் சொன்னதெல்லாம் ஊறுகாய் வைத்தாயிற்றா, மாத்திரை எடுத்தாயிற்றா என்பதுதான். அழாமல் அனுப்புகிறவள் என்று அவர் வீட்டில் எனக்கு நல்ல பெயர்.

கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றை ஏழாக எழுதியதை. செருப்பை ஒளித்ததை. பழைய முறையில் வெட்டினால் எத்தனை மாதம் படுக்கை என்று டாக்டரிடம் எதற்காகக் கேட்டேன் என்பதை. அவர் சுருட்டிய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"எனக்கு நீங்க வேணும். வலி இல்லாமலே நீங்க இங்க இருக்கணும்" என்றேன்.

"இத்தன வருசத்துல ஒருநாளும் நீ இதக் கேக்கலயே."

"கேட்டிருந்தா இருந்திருப்பியளா?"

அவர் யோசித்தார். பொய் சொல்வதற்கு யோசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"தெரியல. ரீனி சின்னப்புள்ளயா இருக்கும்போது கேட்டிருந்தாலும் போயிருப்பேன்னுதான் நெனைக்கேன். நீ ஒண்ணும் சொல்லாததால, நான் இல்லாட்டியும் ஒனக்கு ஓடும்னு நெனச்சிட்டேன்."

சட்டையைப் பெட்டியில் வைக்கவில்லை. கட்டிலிலும் வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே மொட்டைமாடிக்குப் போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை. என்ன முடிவெடுத்தாலும் அது அவர் எடுத்ததாக இருக்கட்டும். நான் கேட்டுவிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

துறைமுகத்துக்குள் மோட்டார் ரிப்பேர் செய்யும் ஒரு பட்டறைக்குப் போய்விட்டு வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. பெட்டி இன்னும் திறந்தே கிடக்கிறது. இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு போய் வருகிறோம்.

செப்டம்பர் 24, புதன்

நூலகத்துக்குக் கிளம்பும்போது அவர் வீட்டில் இல்லை. கட்டிலில் பெட்டியும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், போன் சமையலறையில் அடித்தது. போனை விட்டுவிட்டு யாரும் கொழும்புக்குப் போவார்களா என்று என்னிடமே கேட்டுக்கொண்டு, அலமாரியைத் திறக்கவும் துணிவில்லாமல், வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். தெருவில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பால்காரர், பள்ளிக்கூட வேன், எல்லாம் வேறு யாருடைய கனவிலோ போவதுபோல் கடந்தன.

எட்டரைக்கு அவர் தெருமுனையில் திரும்பினார். கையில் பனையோலைப் பெட்டி, அதில் விளமீன். நல்ல மீன் ஏலத்துக்கு வந்து சேர நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். சூட்கேஸைப் பரண்மேல் போட்டுவிட்டாராம், கட்டிலில் இடமில்லையென்று. பட்டறையில் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். குழம்பில் மாங்காய் போடவா என்று அங்கிருந்தே கேட்டார். போடுங்கள் என்றேன்.

நூலகத்துக்கு அரைநாள் லீவு சொன்னேன்.